மாமா வாங்க

மில்லின் எடைப்பாலத்தில் லாரிகள் நிற்கின்றன.
என் மேசையில் சம்பளப் பட்டியல் பாதியில் நிற்கிறது.
காதில் சொருகியதும்
முதல் கித்தார் வருகிறது,
தகரக் கூரைமேல் யாரோ
சங்கிலியை இழுத்துக்கொண்டு போவதுபோல.

பாராங் தும்பூல். மொண்ணைக் கத்தி.
ஈப்போ பையன்கள் நாலு பேர்,
ஒரே ஆல்பம், ஒன்பது பாட்டு,
எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது நிமிடம்.
இன்று போனில் கிடைக்கிறது, கழுவித் துடைத்து.
எனக்குத் தெரிந்தது கழுவாதது.
பீடோங் பசார் மாலாமில் மூன்று வெள்ளிக்கு
குணாளன் வாங்கிய கேசட்,
அதிலிருந்து அவன் தங்கச்சி மங்களேஸ் எடுத்த பிரதி.
அடியில் சரியாக அழியாத
அவள் அப்பாவின் முருகன் பாட்டு
இரண்டு பாட்டுக்கு நடுவில்
மெல்லத் தலைகாட்டிவிட்டுப் போகும்.

எங்களுக்குப் பன்னிரண்டு வயது.
லயத்துக்குப் பின்னால் உரக்கொட்டகைச் சுவர்.
பேட்டரி இறங்க இறங்க
பாடகனுக்கு வயதாகிக்கொண்டே போகும்.
ஐந்தாம் பாட்டில் ஒருமுறை டேப் அறுந்தது.
மங்களேஸ் நகப்பாலிஷ் வைத்து ஒட்டினாள்,
ரோஸ் கலர்.
அதிலிருந்து அந்த இடத்தில் ஒரு விக்கல்.
விக்கலையும் சேர்த்தே பாடினோம்.

அதுதான் எங்கள் பாட்டு.
தொண்டை கிழியக் கத்துவான்:
மாமா வாங்க! மாமா வாங்க!
மலாய்ப் பாட்டில் தமிழ் எப்படி வந்தது என்று
நாங்கள் யோசிக்கவில்லை.
அவன் பக்கத்து வீட்டில் நம்ம ஆள் இருந்திருப்பார்,
அவ்வளவுதான்.
பெரிய கிராணி மோட்டாரில் வரும்போதெல்லாம்
சுவருக்குப் பின்னாலிருந்து
மாமா வாங்க!
ஒருநாள் மாமா நிஜமாகவே வந்துவிட்டார்.
மங்களேஸுக்கு இரண்டு அறை.
எனக்கு ஒன்று. என் அப்பா மண்டோர்.

மறுவருடம் தோட்டம் கைமாறியது.
பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள்.
மங்களேஸின் அப்பா நஷ்டஈட்டுக் கடிதத்தை
பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு
ஆபீஸ் படியில் போய்ப்போய் உட்கார்ந்தார்.
பிறகு கூலிமுக்குப் போய்விட்டார்கள்.
கேசட்டும் போனது.

இப்போது, இந்தக் கழுவிய சத்தத்தில்,
ஒவ்வொரு எழுத்தும் பல் தேய்த்துக்கொண்டு வருகிறது.
மானா வாங்! மானா வாங்!
காசு எங்கே! காசு எங்கே!

ஆபீசில் தனியாகச் சிரித்துவிட்டேன்.
கத்திய நாங்கள், அறைந்த கிராணி,
படியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்,
ஒருத்தருக்கும் காதில் விழவில்லை.
மறுபடி போட்டேன்.
இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

ஜன்னலில் தட்டினார்கள்.
ரஃபிகுல், அறுவடைக் கோஷ்டி, பங்களாதேஷ்.
சம்பளச் சீட்டைக் கண்ணாடியில்
ஒட்டிப் பிடித்திருந்தான்.
ஒரு காதை மட்டும் கழற்றினேன்.
"காக்காக், ஓவர்டைம் பதினொரு மணி நேரம் இல்லை."
மலாயில், மெதுவாக,
முந்தின ராத்திரியே சொல்லிப் பார்த்து வந்ததுபோல.

மேனேஜர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்றேன்.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
மோட்டார் ஒன்றுதான் குறை.
கிராணி என்று இப்போது யாரும் சொல்வதில்லை,
என் கழுத்து அட்டையில் வேறு பெயர்.

அவன் போகவில்லை.
நான் பாட்டை நிறுத்தவில்லை.
மார்ச் மாதத்து அட்டைக்கட்டை இழுத்து
எண்ணத் தொடங்கினேன்,
ஒரு காதில் அவன் மூச்சு,
மறு காதில் மானா வாங்.
ஆறாம் தேதி இரண்டு மணி நேரம்,
ஒன்பதாம் தேதி மூன்று.
விக்கல் வர வேண்டிய இடம் வந்தது.
என் தாடை தானாக இழுத்துக்கொண்டது.
பாட்டு நிற்காமல் போய்விட்டது.

எத்தனை வரை வந்தேன்?
அவனிடமே கேட்டேன்.
"லீமா" என்றான், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
ஐந்து.